'அவுட் ஆஃப் மெமரி' வந்ததும் ராம் வாங்கக் கிளம்பாதீர்கள்: பழைய கம்ப்யூட்டர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

பாரிமுனை மொத்தக் கடையில் ஃபாக்ஸ்ப்ரோ பில்லிங், ராயப்பேட்டை டிடிபி சென்டரில் பேஜ்மேக்கரும் டாங்கிள் (காப்பி அடிப்பதைத் தடுக்கும் சிறு பூட்டுக் கருவி) மாட்டிய தமிழ் எழுத்துரு மென்பொருளும், அம்பத்தூர் பட்டறையில் லேத்தோடு வந்த, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓடும் புரோகிராம். பழைய சிஸ்டத்தைத் தூக்கிப் போட முடியாத இடங்கள் சென்னையில் நிறைய உண்டு. அங்கெல்லாம் திரையில் 'மெமரி போதவில்லை' என்று வந்தால் முதலில் நடப்பது, ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஆள் அனுப்பி ஒரு ராம் ஸ்டிக் வாங்குவது. பாதி நேரம் அது வீண் செலவு. சில சிஸ்டங்களில் அதுவரை ஓடிக்கொண்டிருந்ததும் நின்றுபோகும்.

பழைய ஆபரேட்டிங் சிஸ்டம் 'மெமரி இல்லை' என்று சொன்னால், பெரும்பாலும் அது 'முகவரி இல்லை' என்று சொல்கிறது. தெருவில் மனை காலியாகக் கிடக்கிறது, கதவு எண் தீர்ந்துவிட்டது, அதுதான் நிலைமை. ஆகவே எந்த எண் எங்கே தீர்ந்தது என்று பார்க்க வேண்டும். கீழே அறிகுறி வாரியாகக் கொடுத்திருக்கிறோம். கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டைப் செய்யும்போது ஆங்கில எழுத்தில் போடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்: ராமே கெட்டிருக்கிறதா?

வரம்பால் வரும் பிழை ஒழுங்கானது. ஒரே மெனுவில், ஒரே ரிப்போர்ட்டில், ஒரே இடத்தில் வரும். கெட்ட ராமால் வரும் பிழைக்கு ஒழுங்கே கிடையாது: காலையில் ஒன்று, மாலையில் வேறொன்று, நடுவில் ஒரு நீலத்திரை. இரண்டாவது வகை என்றால் கவரைக் கழற்றுங்கள். ராயபுரம், திருவல்லிக்கேணி பக்கம் கடற்காற்றில் ராமின் தங்க நிறக் காண்டாக்ட் மங்கிப்போவது சகஜம். பவர் கேபிளைப் பிடுங்கி, ஸ்டிக்கை எடுத்து, வெள்ளை ரப்பரால் காண்டாக்ட் பக்கம் மட்டும், உள்ளிருந்து விளிம்பு நோக்கி ஒரே திசையில் தேய்க்கவும். ரப்பர் தூளை பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்த பிறகு மாட்டவும். தூள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் அது தனித் தலைவலி. பிறகு ஒரு ஸ்டிக்கை மட்டும் வைத்து மெம்டெஸ்ட்86+ ஓடவிடுங்கள். இரவு முழுக்க ஓடட்டும். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த ஸ்டிக்கை ஒதுக்கிவிடுங்கள். 'கொஞ்சம்தான் எரர்' என்று ஒன்று கிடையாது.

அறிகுறி: டாஸ் புரோகிராம் திறக்கும்போதே 'நாட் இனஃப் மெமரி'

32 எம்பி ராம் இருக்கும், இருந்தும் இப்படி வரும். காரணம் 8088 பிராசசர் காலத்தது. அதற்கு 20 முகவரிக் கம்பிகள், மொத்தம் 1 எம்பி எட்டும். அதில் மேலே உள்ள 384 கேபியை வீடியோ கார்டுக்கும், போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸுக்கும் ஒதுக்கிவிட்டார்கள். மிச்சம் 640 கேபி. டாஸ் புரோகிராம் இயல்பாக வாழ்வது இந்த 640 கேபிக்குள்தான்; அதற்கு மேல் எவ்வளவு ராம் மாட்டினாலும் இந்த எண் ஏறாது.

மெம் /சி /பி என்று அடியுங்கள். 'லார்ஜஸ்ட் எக்ஸிகியூட்டபிள் புரோகிராம் சைஸ்' என்ற வரியைப் பாருங்கள். அது 500 கேபி அளவில் இருந்தால் மவுஸ், சிடி போன்றவற்றை இயக்கும் டிரைவர் மென்பொருள்கள் இடத்தைத் தின்கின்றன. டாஸ் 5 முதல், அதாவது 1991 முதல், இதற்கு வழி உள்ளேயே இருக்கிறது. டாஸ் துவங்கும்போது படிக்கும் கான்ஃபிக்.சிஸ் ஃபைலின் தொடக்கத்தில் இந்த வரிசையிலேயே போடுங்கள்:

டிவைஸ்=சி:\டாஸ்\ஹைமெம்.சிஸ்
டிவைஸ்=சி:\டாஸ்\ஈஎம்எம்386.எக்ஸ்இ நோஈஎம்எஸ்
டாஸ்=ஹை,யுஎம்பி
ஃபைல்ஸ்=40
பஃபர்ஸ்=20

ஹைமெம் முதலில் வராவிட்டால் அடுத்த இரண்டும் செல்லாது. டாஸ்=ஹை, டாஸின் ஒரு பகுதியை 1 எம்பிக்குச் சற்று மேலே உள்ள 64 கேபிக்குத் தள்ளுகிறது. ஈஎம்எம்386, அந்த 384 கேபியில் யாரும் பயன்படுத்தாத ஓட்டைகளை ராமாக மாற்றுகிறது. அந்த ஓட்டைக்குள் அனுப்ப, கான்ஃபிக்.சிஸ்ஸில் டிவைஸ் என்பதை டிவைஸ்ஹை ஆக்குங்கள், ஆட்டோஎக்ஸெக்.பேட்டில் கட்டளைக்கு முன் எல்ஹெச் சேருங்கள். பெரிய டிரைவரை முதலில் ஏற்றுங்கள். பஸ்ஸில் மூட்டையை முதலில் ஏற்றிவிட்டுப் பையைச் செருகுவது போலத்தான். சின்னது முதலில் போய் உட்கார்ந்தால் பெரியதற்குத் தொடர்ச்சியான இடம் இருக்காது, அது சத்தமில்லாமல் கீழேயே இறங்கிவிடும். பிழைச்செய்தி வராது. அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மெம் /சி பார்க்க வேண்டும்.

இன்னும் போதவில்லை என்றால் பழைய மவுஸ் டிரைவரை எடுத்துவிட்டு, 3 கேபி சொச்சத்தில் முடியும் சிடிமவுஸ் போடலாம். சிடி டிரைவே பயன்படுத்தாத பில்லிங் மெஷினில் எம்எஸ்சிடிஎக்ஸ் வரியை நீக்கலாம். 600 கேபிக்கு மேல் வந்துவிட்டால் பெரும்பாலான புரோகிராம்கள் வாயை மூடிக்கொள்ளும்.

லோட்டஸ் 1-2-3-யின் 2-ஆம் பதிப்பு போன்றவை ஈஎம்எஸ் என்னும் வேறு வகை மெமரியைக் கேட்கும். அதற்கு நோஈஎம்எஸ் என்ற இடத்தில் ராம் என்று எழுத வேண்டும். விலை: பக்கச் சட்டத்துக்காக (ஈஎம்எஸ் மெமரியை எட்டிப் பார்க்கும் ஜன்னல்) 64 கேபி ஓட்டை போய்விடும். இரண்டும் வேண்டும் என்றால் மெனு போட்டு இரண்டு கான்ஃபிகரேஷன் வைத்துக்கொள்வதே நிம்மதி. டாஸ் 6 அதைத் தருகிறது.

இடம் அதிகமானதால் வரும் பிழை

மேலே சொன்னதைச் செய்து முடித்ததும் ஒரு பழைய புரோகிராம் மட்டும் 'பேக்டு ஃபைல் இஸ் கரப்ட்' என்று நிற்கும். ஃபைல் கெடவில்லை, வேறு ஃபிளாப்பியிலிருந்து மீண்டும் காப்பி செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். அந்தக் காலத்தில் சுருக்கிக் கட்டிய சில எக்ஸ்இ ஃபைல்கள் முதல் 64 கேபிக்குள் ஏறினால் பிரியத் தெரியாமல் விழிக்கும். முன்பு டாஸே அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததால் பிரச்சினை தெரியவில்லை. லோட்ஃபிக்ஸ் என்று அடித்து, இடைவெளி விட்டு, புரோகிராம் பெயரைப் போடுங்கள். அது முதல் 64 கேபியை அடைத்துவிட்டு அதன் மேல் ஏற்றும். முடிந்தது.

மெமரி போல நடிக்கும் இரண்டு

'ரன்டைம் எரர் 200': டர்போ பாஸ்கலில் எழுதிய புரோகிராம் வேகமான பிராசசரில் திறந்ததும் விழுவது. நேரத்தை அளக்கும் கணக்கில் வகுத்தல் பிசகுகிறது. ராமுக்குச் சம்பந்தமில்லை, அந்த எக்ஸ்இ-யை பேட்ச் செய்ய வேண்டும். இதுவே 203 என்று வந்தால் அது நிஜமாகவே மெமரி.

'டாஸ் எரர் 4': கிளிப்பரில் எழுதிய பில்லிங் புரோகிராமில் பார்ட்டி மாஸ்டர், ஸ்டாக், வவுச்சர் என்று ஃபைல்கள் அதிகமாகத் திறக்கும்போது வருவது. திறந்த ஃபைல்களின் எண்ணிக்கை தீர்ந்துவிட்டது என்று பொருள். ஃபைல்ஸ்=100 என்று மாற்றி, ஆட்டோஎக்ஸெக்கில் செட் கிளிப்பர்=எஃப்:100 சேர்க்கவும். எக்ஸ்பியில் இந்த வேலையை கான்ஃபிக்.சிஸ்ஸில் செய்தால் பலிக்காது. சிஸ்டம்32 ஃபோல்டரில் உள்ள கான்ஃபிக்.என்டி, ஆட்டோஎக்ஸெக்.என்டி இரண்டிலும் செய்ய வேண்டும். வருடக் கடைசியில் ஃபைல் சேர்ந்து சேர்ந்து மார்ச் 31 அன்று இந்த எரர் தலைகாட்டும். ஆடிட்டர் காத்திருக்கும் நேரம் பார்த்து வரும்.

அறிகுறி: ராம் கூட்டிய பிறகு விண்டோஸ் 98 திறக்கவே இல்லை

இதுதான் அதிகம் குழப்புவது. 256 எம்பியில் ஓடியது. 1 ஜிபி ஆக்கியதும் 'இன்சஃபிஷியன்ட் மெமரி டு இனிஷியலைஸ் விண்டோஸ்' என்கிறது. அல்லது திறக்கிறது, டாஸ் விண்டோவைத் திறந்தால் 'நாட் இனஃப் மெமரி' என்கிறது.

விண்டோஸ் 95, 98, எம்இ மூன்றிலும் விகேஷ் என்ற டிஸ்க் கேஷ் டிரைவர் இருக்கிறது; டிஸ்கிலிருந்து படித்ததை ராமில் வைத்துக்கொள்வது இதன் வேலை. ராம் எவ்வளவு இருக்கிறதோ அதைப் பார்த்து, கேஷ் எவ்வளவு பெரியதாக வளரலாம் என்று கணக்கிட்டு, அதற்கான முகவரிகளை முன்கூட்டியே வளைத்துப் போட்டுவிடும். சிஸ்டத்தின் பங்குக்கு இருப்பது 3 ஜிபிக்கும் 4 ஜிபிக்கும் நடுவே உள்ள 1 ஜிபி முகவரிகள். ஏஜிபி வீடியோ கார்டு, டிரைவர்கள், ஒவ்வொரு டாஸ் விண்டோ, எல்லாமே அதற்குள்தான் வாழ வேண்டும். 512 எம்பிக்கு மேல் ராம் போனால் விகேஷ் பந்தியில் இலை முழுக்கத் தானே பரிமாறிக்கொள்கிறது.

சரிசெய்ய:

முதலில் கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டே பூட் செய்து, 'கமாண்ட் பிராம்ப்ட் ஒன்லி' தேர்ந்தெடுங்கள். எம்இ என்றால் அந்த வழி அடைபட்டிருக்கும். 98 பூட் ஃபிளாப்பி வேண்டும். விண்டோஸ் ஃபோல்டருக்குப் போய் சிஸ்டம்.ஐஎன்ஐ ஃபைலுக்கு ஒரு காப்பி எடுங்கள். பிறகு எடிட் கட்டளையால் திறங்கள். [விகேஷ்] என்ற தலைப்பு காலியாக இருக்கும். அதன் கீழே

மேக்ஸ்ஃபைல்கேஷ்=393216

என்று போடுங்கள். இது கேபி கணக்கு; 384 எம்பி. மைக்ரோசாஃப்ட் சொன்ன உச்சம் 524288, அதாவது 512 எம்பி. ஆனால் ஏஜிபி கார்டில் நிறைய மெமரி இருந்தால் அதுவும் இறுக்கும், குறைத்தே வையுங்கள். பயாஸில் ஏஜிபி அப்பர்ச்சரை (வீடியோ கார்டுக்கு ஒதுக்கும் முகவரி அளவு) 64 எம்பி ஆக்கினால் இன்னும் கொஞ்சம் மூச்சு கிடைக்கும்.

1 ஜிபியோ அதற்கு மேலோ இருந்தால் கேஷை அடக்குவது மட்டும் போதாது. 98-உம் எம்இ-யும் அந்த அளவுக்கு வடிவமைக்கப்பட்டவையே அல்ல. [386என்ஹ்] தலைப்பின் கீழே

மேக்ஸ்ஃபிஸ்பேஜ்=30000

சேர்க்கவும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். முதல் எண் சாதாரணப் பதின்ம எண்; இந்த எண் பதினாறடிமான (ஹெக்ஸ்) எண். பதினாறடிமானத்தில் 30000 என்றால் 196608 பக்கங்கள். பக்கம் ஒன்றுக்கு 4 கேபி, ஆக 786432 கேபி, 768 எம்பி. 'சரியான எண்ணைப் போடுகிறேன்' என்று யாராவது 196608 என்றே எழுதினால், விண்டோஸ் அதையும் பதினாறடிமானமாகப் படித்து 6.35 ஜிபி என்று எடுத்துக்கொள்ளும். வரம்பே இல்லாதது போல் ஆகி, பழைய பிழை அப்படியே நிற்கும். 512 எம்பிக்கு அடக்க 20000.

திறந்துவிட்டால் அடுத்த மாற்றங்களை எம்எஸ்கான்ஃபிக்கில் ஜெனரல், அட்வான்ஸ்டு போய் 'லிமிட் மெமரி டு' மூலமும் செய்யலாம். எங்கள் பரிந்துரை: டிடிபி வேலைக்கு 98 வைத்திருப்பவர்கள் 512 எம்பி ராமோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் மாட்டுவது, அதை மறைக்க இரண்டு வரி எழுதுவதற்காக மட்டுமே.

விண்டோஸ் 95-ஐ 2.1 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பிராசசரில் போட்டால் 'விண்டோஸ் புரொடெக்‌ஷன் எரர்' வரும். அது பிராசசர் வேகத்தால் வருவது. ராமைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

அறிகுறி: 98-இல் ஐகான் கறுப்பாகிறது, மெனுவில் எழுத்து காணவில்லை, மெமரி இல்லை என்கிறது

300 எம்பி சும்மா கிடக்கும்போதே இது வரும். விண்டோ, மெனு, பேனா, பிரஷ் போன்றவற்றின் குறிப்புகளை வைக்க யூசர், ஜிடிஐ என்று பைகள் உண்டு. விண்டோஸ் 3.1 காலத்து 16 பிட் பைகள், ஒவ்வொன்றும் 64 கேபி, 98-இலும் தொடர்கின்றன. ரன் பெட்டியில் ஆர்எஸ்ஆர்சிஎம்டிஆர் என்று அடித்தால் ரிசோர்ஸ் மீட்டர் வரும். அதில் ஏதாவது ஒன்று 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால் கையிலுள்ள வேலையைச் சேமித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். புரோகிராமை மூடினாலும் சில புரோகிராம்கள் எடுத்ததைத் திருப்பித் தராது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு ரீஸ்டார்ட் என்று பழக்கிக்கொள்வது நல்லது.

டிடிபி சென்டர்களுக்கு இன்னொன்று. கல்யாணப் பத்திரிகை சீசனுக்காகச் சேர்த்த தமிழ் எழுத்துருக்கள் எல்லாவற்றையும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரில் கொட்டிவைப்பார்கள். 95, 98-இல் ஏறத்தாழ 1000 எழுத்துருதான் எல்லை. பெயர்களை வைக்கும் ரெஜிஸ்ட்ரி கீயே 64 கேபிதான். எல்லைக்கு அருகில் போனாலே சில எழுத்துரு பட்டியலில் மறையும், பேஜ்மேக்கர் திறக்க நேரமாகும். தினசரி தேவைப்படும் 150, 200 மட்டும் உள்ளே இருக்கட்டும். மற்றதை வேறு ஃபோல்டரில் வைத்து வேண்டியபோது சேருங்கள்.

அறிகுறி: ராம் கூட்டியதும் மெஷின் மெதுவாகிவிட்டது

பென்டியம், எம்எம்எக்ஸ் காலத்து போர்டா? இன்டெல் 430டிஎக்ஸ், விஎக்ஸ், எஃப்எக்ஸ் சிப்செட்டுகள் முதல் 64 எம்பியை மட்டுமே எல்2 கேஷில் (பிராசசருக்கு உதவும் சிறிய, வேகமான மெமரி) வைக்கும். விண்டோஸ் 9எக்ஸ் மேலிருந்து கீழாக ராமை எடுப்பதால், கேஷ் இல்லாத பகுதியில்தான் முதலில் உட்காரும். 128 எம்பியை 64 ஆக்குங்கள், வேகம் திரும்பும்.

அறிகுறி: 256 எம்பி ஸ்டிக் 128 என்று தெரிகிறது, அல்லது டிஸ்ப்ளேயே வரவில்லை

இது போர்டின் வரம்பு. 440பிஎக்ஸ் போர்டில் 256 எம்பி எஸ்டி ராம் வேண்டுமென்றால் இரு பக்கமும் சேர்த்து 16 சிப் உள்ள ஸ்டிக் வேண்டும். 8 சிப் ஸ்டிக்கில் ஒவ்வொரு சிப்பும் அந்த சிப்செட் அறிந்ததைவிட அடர்த்தி, அதனால் பாதியைத்தான் எண்ணத் தெரியும். 815 போர்டு என்றால் மொத்தமே 512 எம்பிதான்.

இதே கதை ஜி41 போர்டில் டிடிஆர்3-இல் வருகிறது. 4 ஜிபி ஸ்டிக் 16 சிப்போடு இருந்தால் ஓடும். 8 சிப் என்றால் பெரும்பாலும் ஓடாது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கும்போது எம்பியை மட்டும் கேட்காமல் ஸ்டிக்கைத் திருப்பிப் பார்த்து சிப்பை எண்ணுங்கள். 'ஏஎம்டிக்கு மட்டும்' என்ற மலிவான 4 ஜிபி ஸ்டிக்குகளும் உலவுகின்றன. அவற்றை இன்டெல் போர்டில் மாட்டினால் பீப் சத்தம் மட்டும் கேட்கும். போர்டு மாடலைச் சொல்லி, ஓடாவிட்டால் மாற்றித் தருவார்களா என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள்.

அறிகுறி: 4 ஜிபி மாட்டினேன், எக்ஸ்பி 3.25 காட்டுகிறது

பழுதில்லை. 32 பிட் முகவரியின் எல்லை 4 ஜிபி. அதன் மேல்பகுதியை வீடியோ கார்டு, பிசிஐ கார்டுகள், பயாஸ் பிடித்துக்கொள்கின்றன. கார்டில் மெமரி கூடினால் 3.25 இன்னும் இறங்கும். எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2-க்குப் பிறகு, துவக்க அமைப்பு ஃபைலான பூட்.ஐஎன்ஐயில் /பிஏஇ போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் உள்ளதைத் தொடாது.

பூட்.ஐஎன்ஐயில் /3ஜிபி சேர்த்தால் முழு 4 ஜிபி தெரியும் என்று ஒரு வதந்தி உண்டு. தெரியாது. அது ஒரு புரோகிராமுக்கான முகவரியை 2 ஜிபியிலிருந்து 3 ஆக்குகிறது. அதுவும் அதற்கென்றே தயாரித்த ஃபோட்டோஷாப் சிஎஸ்2 போன்றவற்றுக்கு மட்டும். அந்த 1 ஜிபி கெர்னலின் (விண்டோஸின் மையப் பகுதி) பங்கிலிருந்து போகிறது. பிறகு வீடியோ டிரைவர் ஏறாது, நெட்வொர்க் அறுபடும். கட்டாயம் வேண்டுமென்றால் பக்கத்தில் /யூசர்விஏ=2900 சேர்த்துக் கெர்னலுக்குக் கொஞ்சம் திருப்பிக் கொடுங்கள்.

64 பிட் விண்டோஸ் 7-க்கு மாறினால் 4 ஜிபியும் தெரியும், போர்டில் மெமரி ரீமேப் வசதி (மறைந்துபோன ராமுக்கு 4 ஜிபிக்கு மேல் முகவரி கொடுப்பது) இருந்தால். 945 சிப்செட்டில் அது இல்லை. 64 பிட் போட்டாலும் 3 ஜிபி சொச்சம்தான். ரீமேப் உள்ள போர்டில் 32 பிட் வைத்திருப்பவர்கள் அதை பயாஸில் அணைத்தே வையுங்கள், இல்லாவிட்டால் தெரிவது மேலும் குறையலாம். விண்டோஸ் 7-இல் 64 பிட் போட்டும் குறைவாகக் காட்டினால் எம்எஸ்கான்ஃபிக், பூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் 'மேக்ஸிமம் மெமரி' டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஹோம் பேசிக் என்றால் 8 ஜிபியோடு கதை முடிந்தது.

அறிகுறி: '32 எம்பி ராம் தேவை, உங்களிடம் -2048 இருக்கிறது'

பழைய இன்ஸ்டாலர் 2 ஜிபிக்கு மேல் எண்ணத் தெரியாமல் மைனஸில் போகிறது. எக்ஸ்பி என்றால் பூட்.ஐஎன்ஐயில் /மேக்ஸ்மெம்=1024 போட்டு ரீஸ்டார்ட், இன்ஸ்டால், பிறகு அந்த வரியை நீக்குங்கள். டிஸ்கில் இடமில்லை என்று அடம்பிடித்தாலும் இதே நோய்தான்; 2 ஜிபிக்குக் குறைவான பார்ட்டிஷனில் போடுங்கள். எக்ஸ்பிக்குள் ஓடும் டாஸ் புரோகிராம் இப்படிக் குழம்பினால் ஷார்ட்கட்டின் பிராபர்ட்டீஸில் மெமரி டேபைத் திறந்து, ஈஎம்எஸ், எக்ஸ்எம்எஸ் இரண்டையும் ஆட்டோவிலிருந்து 8192-க்கு மாற்றுங்கள்.

64 பிட்டுக்கு மாறியதும் டாஸ் பில்லிங் திறக்கவே இல்லை

64 பிட் விண்டோஸில் 16 பிட் புரோகிராம் ஓட்டும் பகுதியே கிடையாது. ஒற்றை மெஷின் என்றால் டாஸ் சூழலை விண்டோஸுக்குள் உருவாக்கும் டாஸ்பாக்ஸ் போதும்; மெம்சைஸ்=16 என்ற இயல்பு அளவையே விடுங்கள். மூன்று கவுன்டரிலிருந்து ஒரே டேட்டாவைத் திறக்கும் ஃபாக்ஸ்ப்ரோவுக்கு டாஸ்பாக்ஸ் ஆகாது. ரெக்கார்ட் லாக்கிங் சரியாக இல்லாததால் ஸ்டாக் ஃபைல் சிதையும். அதற்கு விடாஸ். அலுவலக டாஸ் புரோகிராம்களை மனதில் வைத்தே செய்தது, டாட் மேட்ரிக்ஸுக்கு பிரின்டும் அனுப்பும்.

டிடிபி மெஷினை எக்ஸ்பி விர்ச்சுவல் மெஷினாக (புது கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாகவே ஓடும் கம்ப்யூட்டர்) மாற்றலாம், 512 எம்பி ஒதுக்கினால் தாராளம். ஆனால் அதற்கு நாள் குறிப்பதற்கு முன் கேபினெட்டின் பின்பக்கம் எட்டிப் பாருங்கள். எல்பிடி (பழைய பிரின்டர்) போர்ட்டில் டாங்கிள் தொங்கினால், பழைய மெஷினை இப்போதைக்கு அவிழ்க்க வேண்டாம். யூஎஸ்பி-டு-எல்பிடி கேபிள் பிரின்டருக்குத்தான் உதவும். டாங்கிள் அதில் பேசாது.